டிராம் வரதனின் கடைசி ரீல்

பத்து வருஷமாக நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், எங்கள் அப்பா கண் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவே இல்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றி, மேஜை முடிந்துபோன இடத்தில் காபி டம்ளரை வைத்து, அது தரையில் உருண்ட பிறகும், எண்பத்தெட்டு வயதில் இனிமேல் எதைப் பார்க்கப் போகிறேன் என்பார். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்றாம். காது இருக்கிறது, போதுமாம். காதைப் பற்றி அவர் பீற்றிக்கொள்வது வாஸ்தவம்தான். முப்பத்தைந்து வருஷம் தந்தி ஆபீசில் கட்டுக் கடகட சத்தத்தை வார்த்தையாக மாற்றிக்கொண்டிருந்த காது அது. பக்கத்துத் தெருவில் மீன்காரம்மா கூடையை இறக்கினால் இங்கிருந்தே வஞ்சிரமா வவ்வாலா என்று சொல்லிவிடுவார், அவள் கூவும் சுருதியை வைத்து.

கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியது நான் இல்லை. டாக்டரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கும் பங்குத் தந்தையும் இல்லை. 1937இல் வந்துபோன ஒரு சிரிப்புப் படம்.

என் பெயர் பியாட்ரிஸ். சாந்தோமில் பிறந்து, சாந்தோமிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டிக்கொள்ளவில்லை, அதனால் அப்பா என் பொறுப்பு. அப்பா பெயர் பவுல்சாமி. நல்ல மனிதர், சாது, ஆனால் ஒரு பழக்கம் மட்டும் என்னைச் சின்ன வயதிலிருந்து பைத்தியமாக அடித்துக்கொண்டிருக்கிறது. எந்தக் காரியம் முடிந்தாலும் ஒரு விசில். முகம் கழுவி முடித்தால் விசில். பேப்பரை மடித்தால் விசில். கதவைப் பூட்டிச் சாவியை உருவினால் விசில். பெரிய பாட்டெல்லாம் இல்லை, மூன்றே சுரம். இரண்டு படி ஏறும், ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அப்புறம் கீழே ஒரு துள்ளு. அவ்வளவுதான். அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டுப் பாருங்கள், தெரியும். எங்கிருந்து பிடித்தீர்கள் இந்தச் சனியனை என்று கேட்டால், எங்கம்மா அரிசி புடைத்து முடித்தால் இப்படித்தான் முனகுவாங்க, ஒட்டிக்கிச்சு என்பார்.

அப்பாவுக்கு அவருடைய அப்பாவைத் தெரியாது. பதினொரு மாதக் குழந்தையாக இருக்கும்போது டைஃபாய்டு வந்து போய்விட்டார். சவரிநாயகம் என்று பெயர், மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவர், இருபத்தேழு வயது முடியவில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தின்போது யாரோ சொல்லி, பிடிக்காமலே விட்டுவிட்டார்களாம். பிடிக்காமலே குறைந்தது. அவரைப் புதைத்த குழியிலும் அதற்கப்புறம் வேறு யார் யாரையோ வைத்தாகிவிட்டது. அப்பாவின் அம்மா சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான்: "உங்கப்பா அந்த டிராம் படத்துல ஊதியிருக்கார்." அந்த அம்மா சினிமாக் கொட்டகை வாசலை மிதித்தவர் இல்லை. அதற்கு மேல் கேட்டால் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாராம், அதனால் அப்பா கேட்கவில்லை.

அந்த அம்மா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தால் அடியில் ஒரு பாட்டுப் புத்தகம். அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் விற்பார்களே, பாட்டும் கதைச் சுருக்கமும் போட்டு, அது. படத்தின் பெயர் 'டிராம் வரதன்'. ஒருவன் தலையில் அடிபட்டுப் பழைய காலத்துக்குப் போய்விழும் கதை. வெள்ளைக்காரர் ஒருவர் எழுதிய பழைய நாவலைத் தழுவியது என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். நம் ஊருக்குத் தகுந்தபடி மாற்றியது மட்டும் சொந்தச் சரக்கு. வரதன் ஒரு டிராம் கண்டக்டர். லஸ் முனையில் ஓடும் டிராமிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு, கண் விழித்தால் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜசபை. ஆள் அசரவில்லை. பட்டத்து யானைக்கு ஸ்டாப்பிங் வைக்கிறான். மந்திரிக்கு டிக்கெட் கிழிக்கிறான். சில்லறை இல்லாத சேனாதிபதியை நடுவழியில் இறக்கிவிடுகிறான். ராஜாவுக்குக் கோபம் வந்து, அதே யானையின் காலில் இடறச் சொல்லிவிடுகிறார். 'வரதன் பிழைத்தானா? மறுபடி லஸ் முனைக்கு வந்து சேர்ந்தானா? மீதியை வெள்ளித் திரையில் காண்க' என்று கதை அங்கேயே நிற்கும். எல்லாப் பாட்டுப் புத்தகமும் அப்படித்தான் நிற்கும். ஆனால் இந்தப் படத்துக்கு வெள்ளித் திரையே இல்லாமல் போய்விட்டது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்றார்கள்.

புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஒரு படம். சிம்மாசனத்தில் ராஜா, எதிரே காக்கிச் சட்டையில் வரதன், ராஜாவுக்குப் பக்கத்தில் நீளக் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞன், பின்னால் தூண் வரைந்த பெரிய திரைச்சீலை. அந்தப் படத்தில் ஊதுகிற சாமான் அந்த ஒருவன் கையில்தான் இருந்தது. வேறு என்ன வேண்டும். அப்பா லஸ்ஸில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், ராஜாவையும் கண்டக்டரையும் வெட்டிவிட்டு, கொம்புக்காரரையும் அவருக்குப் பின்னால் இருந்த திரையையும் மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டினார். அறுபது வருஷத்துக்கும் மேல் ஆகிறது. அச்சுப் புள்ளிகளாக இருக்கும், முகம் அவ்வளவு தெளிவில்லை. ஆனாலும் என் தம்பி ஷெல்டன் பிறந்தபோது அதே மூக்கு என்று அத்தைகள் சத்தியம் செய்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு அந்தப் படத்துக்கு முன்னால்தான் மெழுகுவர்த்தி. ஷெல்டன் கல்யாணத்தன்று மணமக்கள் அந்தப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினார்கள். புரை விழுந்த பிறகு அப்பா அதன் எதிரில் நின்று, இப்போது கொம்பு மட்டும்தான் தெரிகிறது என்பார். அப்போதும் ஆபரேஷனுக்கு வரமாட்டார்.

போன ஆகஸ்டில் வெங்கடரமணன் போன் செய்தார். வடக்கு மாட வீதிப் பக்கம் இருக்கிறார், பேங்கில் வேலை பார்த்தவர், பழைய படங்களைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்து நாலு பேரைக் கூட்டிப் போட்டுக் காட்டுவது அவருடைய பித்து. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக்கை எடுத்துக்கொண்டு போய், டிராம் வரதன் கிடைத்ததா என்று அப்பா அவரை நச்சரித்துக்கொண்டே இருப்பார். கேக்கை வாங்கிக்கொள்வதற்கே அந்த மனிதருக்குக் கூச்சமாகிவிட்டது. அன்றைக்கு போனை எடுத்தது அப்பாதான்.

"கிடைச்சுடுத்து சார். கடைசி ரீல் மட்டும். ஒரு டூரிங் டாக்கீஸ்காரர் ஆத்துப் பரண்ல இருந்தது. பத்து நிமிஷம்தான், ஆனா கொம்பு ஊதற காட்சி முழுசா இருக்கு."

அப்பா போனை வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு, "கண் டாக்டருக்கு போன் பண்ணும்மா" என்றார். பத்து வருஷம் நான் கெஞ்சியது என்ன, மிரட்டியது என்ன. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தேடினால் அது என் கையிலேயே இருந்தது.

ஒரு கண்ணில்தான் செய்தார்கள். அது போதும் என்றார். அதற்கப்புறம் சொட்டு மருந்து. ஒரு நாளைக்கு ஆறு வேளை ஒரு மருந்து, நாலு வேளை இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷம் இடைவெளி. நான் அட்டவணை போட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி, கடிகாரத்தோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு சொட்டுக்கும் முகத்தைத் திருப்புவார். திருப்பாதீர்கள், உங்கள் அப்பாவைப் பார்க்க வேண்டாமா என்றால் போதும், கண்ணை அகல விரித்துக்கொண்டு அண்ணாந்து கிடப்பார். சொட்டு விழுந்ததும் அந்த மூன்று சுர விசில். நானும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒருநாள் திடீரென்று கேட்டார். எங்கப்பாவைப் பார்த்ததும் எனக்குத் தெரியும் இல்லம்மா, புள்ளியா இல்லாம அசையற முகத்தைப் பார்த்தா, எங்கேயாவது என்னை மாதிரி இருக்கும் இல்ல என்று. இருக்கும், இருக்கும், சாப்பிடுங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது. இந்த வயதுக்கு மேல் அவருக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

படம் போட்ட நாள் ஞாயிற்றுக்கிழமை. தி. நகரில் சின்ன அரங்கம், பதினோரு மணிக்கு. பூசை முடிந்து வழக்கமான வலியுல்லாவின் ஆட்டோவில் ஏறினோம். அப்பா சந்தன நிறச் சட்டையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார்.

"இன்னா பெர்சு, கண்ணாடிலாம் போட்டுகினு ஷோக்கா கீற. எங்க போய்க்கினு கீறோம்?" என்றான் வலியுல்லா.

"எங்கப்பாவைப் பார்க்கப் போறேன்" என்றார் அப்பா.

நான் தி. நகர் என்றேன், வலியுல்லா வண்டியைக் கிளப்பினான். ஆழ்வார்பேட்டை சிக்னலில் மெதுவாக என் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பட்டுமா என்று கேட்டான். அவன் கவலை அவனுக்கு.

அரங்கத்தில் முப்பது பேர் இருந்தார்கள். எங்களுக்கு முதல் வரிசை. வெங்கடரமணன் எழுந்து நின்று கொஞ்சம் விளக்கினார். அந்தப் படத்தை அடையாற்றுப் பக்கம் ஒரு தோப்பில் பகல் வெளிச்சத்தில் எடுத்தார்களாம். சத்தத்தைப் பிறகு சேர்க்கிற வசதியெல்லாம் அப்போது இல்லை. பேசுவதும் பாடுவதும் வாசிப்பதும் எல்லாம் அங்கேயே, அப்போதே. வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலும் திரைக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டு வாசிப்பார்களாம். காக்கை கத்தினால் காட்சி போச்சு என்று காக்கை விரட்டவே தனி ஆள் உண்டாம். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், கணக்கு டீச்சர், அப்போதாவது கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டாமா. தோன்றவில்லை.

விளக்கை அணைத்தார்கள். திரையில் முதலில் கோடு கோடாக மழை, பிறகு சபை. அந்தத் திரைச்சீலை வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் ஒவ்வொரு மடிப்பும் எனக்குத் தெரியும். அறுபது வருஷமாக எங்கள் ஹாலில் தொங்குகிற மடிப்பு. அதற்கு முன்னால் அவர் வந்து நின்றார், கையில் கொம்போடு. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கொம்புக்காரர் வாயைத் திறந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மூக்கால் பேசுகிற நாடகக் கம்பெனிக் குரலில், ராஜாதிராஜ என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் ராஜாவின் பட்டங்களை அடுக்கி முழு விருதாவளியையும் முழங்கினார். நடை, நிற்பு, கையை வீசுகிற தோரணை எல்லாம் பத்து வருஷம் மேடையில் கிடந்த ஆள் என்று சொல்லியது. எங்கள் கோயில் பேண்டுக்காரரா இது. அப்புறம் கொம்பைத் தூக்கி வாயில் வைத்தார். கணீரென்று ஒலி கிளம்பியது. ஆனால் அந்தக் கன்னம் உப்பவே இல்லை. பலகை மாதிரி இருந்தது. எந்த ஊரில் கன்னம் உப்பாமல் கொம்பு ஊதுகிறார்கள்.

எனக்கு ஐயோ என்று ஆகிவிட்டது. யாரோ ஒரு நடிகன். அறுபது வருஷமாக மெழுகுவர்த்தி ஏற்றியதும், மூக்கைத் தேடிப் பிடித்ததும், கல்யாணத்துக்குத் தொட்டுக் கும்பிட்டதும் எவனோ ஒருவனை. அது தொலையட்டும், என் அப்பாவுக்கு நான் இப்போது என்ன சொல்வேன். எண்பத்தெட்டு வயதில் கண்ணைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கம் திரும்பத் தைரியம் இல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்த நடிகர் தப்புச் செய்தார். அவசரப்பட்டுக் கொம்பைக் கீழே இறக்கிவிட்டார். ஊதல் நிற்கவில்லை. கொம்பு இடுப்பில் இருக்கிறது, ஒலி பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது, அரங்கத்தில் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் கேட்டேன். ஒலி முடிகிற இடத்தில் இரண்டு படி ஏறியது, ஒரு நொடி நின்றது, கீழே ஒரு துள்ளுத் துள்ளியது.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் திட்டுகிற அந்த மூன்று சுரம்.

திரையில் ராஜா திருதிருவென்று விழித்தார். வரதனாக நடித்தவர் கில்லாடி. கொம்பைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், ஒரு நொடியும் தாமதிக்காமல் தோளில் தொங்கிய டிக்கெட் பையைத் தட்டினார்.

"ஹோல்டான். யாரது டிக்கெட் எடுக்காம ஊதறது?"

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பயந்தும் சிரிப்பை அடக்கியும் வந்த இளங்குரல்.

"நான்தான், சார்."

ராஜாவே சிரித்துவிட்டார். திரைக்குப் பின்னால் யார் யாரோ சிரித்தார்கள். எங்கேயோ ஒரு காக்கை கத்தியது, அதையும் விரட்டவில்லை. இதற்கு மேல் எதை வெட்டுவது என்று படமெடுத்தவர்கள் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ராஜா தண்டனையை விட்டுவிட்டு, வரதனை முதுகில் ஒரு தட்டுத் தட்ட, அவன் லஸ் முனையில் வந்து விழுந்தான். சுபம்.

விளக்கைப் போட்டார்கள். அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கொம்பு வெச்சிருக்கிறவர் இல்லம்மா," என்றார். "அந்தத் துணிக்குப் பின்னாடி இருக்கிறவர். நம்ம ஷெல்டனோட பையன் குரல் மாதிரி இருக்கு. எவ்வளவு சின்னப் பையன் பாரு."

வெங்கடரமணனுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் பாவம், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, எத்தனை தடவை வேண்டுமானாலும் போடுகிறேன் சார் என்று எழுந்தார். மற்றவர்களும் யாரும் கிளம்பவில்லை. மறுபடி விளக்கை அணைத்தார்கள். மறுபடி சபை, ராஜா, விருதாவளி. கொம்பைத் தூக்குகிற இடம் வந்ததும் நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். எத்தனை சொட்டு, எத்தனை அட்டவணை, எத்தனை நாள் தலைக்கு ஊற்றாமல் காவல் காத்திருக்கிறேன், எல்லாம் இவர் இங்கே வந்து கண்ணை மூடிக்கொள்வதற்கா. அதைச் சொல்லத்தான் குனிந்தேன். அழுகை வந்துவிட்டது. மூடிய கண்ணோரம் அவருக்கும் வழிந்துகொண்டிருந்தது, தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே கண். துடைக்காமல் விட்டேன். மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் "நான்தான், சார்" வரும்போது அப்பா தலையை மட்டும் மெல்ல ஆட்டினார், ஆஜர் எடுக்கும்போது டீச்சர் தலையாட்டுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைக் கழற்றப் போனேன். யாரோ ஒரு நாடகக்காரர் எங்கள் செபத்தையெல்லாம் ஓசியில் வாங்கிக்கொண்டு மோட்சத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று எரிச்சல். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. அவரும் இத்தனை வருஷம் நம்ம வீட்டு ஆளாதானே இருந்துட்டார்." ஆபரேஷன் செய்த கண்ணைப் படத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கொம்பைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் அந்தத் திரைச்சீலையைத் தொட்டார். "இதோ, இங்கதான் அப்பா நிக்கிறார். நாம மெழுகுவர்த்தி வெச்ச இடம் சரிதான். நடுவுல ஒரு துணி, அவ்வளவுதான்."

நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன். மருந்து வேளை தாண்டி முக்கால் மணி ஆகியிருந்தது. அப்பா நாற்காலியில் அண்ணாந்தார், நான் சொட்டை விட்டேன், மூடியைத் திருகிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டது. இரண்டு ஏறி, நின்று, ஒரு துள்ளு.

"யாரது டிக்கெட் எடுக்காம ஊதறது?" என்றேன் அங்கிருந்தே.

"நான்தான், சார்" என்றார் அப்பா.